‘அறுவை’ என்று எங்கே சொல்வது?

போன மாதம் செம்பூர் மாமி போனில் கேட்டார்: “ஏண்டி, நாம இருக்கறதே அஞ்சு பேர். ஆளுக்கு மாசம் ஒண்ணோ ரெண்டோ புஸ்தகம் படிக்கறோம். அதைப் பத்திப் பேசறதுக்கு இத்தனை வழி எதுக்கு? உருப்படியா ஒண்ணை வச்சுண்டு மிச்சத்தை விட்டுடலாமே.”

நியாயமான கேள்விதான். எண்ணிப் பார்த்தேன். மும்பை லோக்கல் ரயில் வண்டியில் பேசுவது ஒன்று. வாட்ஸ்அப் குழு ஒன்று. குழுவுக்கு வெளியே ஆளுக்கு ஆள் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ் ஒன்று. மாட்டுங்காவில் மாதம் ஒரு ஞாயிறு கூடுவது ஒன்று. கைமாறும் புத்தகத்தின் பின்னட்டைக்குள் வைக்கும் சீட்டு ஒன்று. போதாததற்கு, தாணேக்காரி எங்கள் எல்லோரையும் இழுத்துவிட்ட, புத்தகத்துக்கு நட்சத்திரம் போடும் இணையக் கணக்கு வேறு. ஐந்து பேருக்கு ஆறு வழி. பேசுவதைவிட, எதை எங்கே பேசினோம் என்று தேடுவதுதான் பெரிய வேலையாக இருந்தது.

“நீதான் ஆபீஸ்ல பர்ச்சேஸ் பாக்கற. நீயே எல்லாத்தையும் தட்டிப் பாத்துச் சொல்லு” என்று மாமி வேலையை என் தலையில் கட்டிவிட்டார்.

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குள் பெயரைவிட இடப்பெயர்தான் புழக்கம். செம்பூர் மாமி வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். எங்களில் அதிகம் படிப்பவர். அவர் அலமாரிதான் எங்கள் நூலகம். தாராவி டீச்சருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இங்கே மாநகராட்சி நடத்தும் தமிழ்ப் பள்ளியில் வேலை. தாணேக்காரி மும்பையிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் கடகடவென்று பேசுவாள், படிப்பது மட்டும் எழுத்துக்கூட்டித்தான். மும்பைத் தமிழ் வீடுகளில் இது ஒன்றும் புதிதில்லை. பள்ளியில் மராத்தி, இந்தி, ஆங்கிலம் என்று மூன்று ஆனபிறகு தமிழுக்குக் காது மட்டும்தான் மிஞ்சும். புனே அக்கா, பத்து வருஷம் காட்கோபரில் இருந்துவிட்டு வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்ததில் போனவர். நான் டோம்பிவிலி.

முதலில் வசதி, வேகம், செலவு என்று தாளில் மூன்று கட்டம் போட்டேன். ஆபீஸுக்கு ஏசி வாங்க கொட்டேஷன் ஒப்பிடுவது போலவே இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். செலவு எதிலும் பெரிதாக இல்லை. வேகம் யாருக்கும் தேவையில்லை. எனக்கு வேண்டிய கேள்வி வேறு: நீங்கள் கொடுத்த புத்தகம் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்ன பிறகும், அடுத்த புத்தகம் உங்கள் கையிலிருந்து எனக்கு வருமா?

சென்னைக்காரர்களுக்கு இது அற்பமாகத் தெரியலாம். இங்கே தமிழ்ப் புத்தகம் வருவது பெரும்பாலும் மனிதர்கள் மூலம்தான். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய் வருகிறவர்களின் பெட்டியில், ஊருக்குப் போய் வரும் மச்சினர் பையில், இல்லாவிட்டால் தபாலில். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் நான் வருஷக்கணக்கில் குனிந்து தேடியிருக்கிறேன். தமிழ் கையில் சிக்கியது விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைதான். இந்த நிலையில் ஒரு அலமாரிக்காரரின் மனம் கோணினால் நஷ்டம் நமக்கு.

எனக்கு அந்த நஷ்டம் கிட்டத்தட்ட நேர்ந்தது. மாமி ஒரு குடும்ப நாவல் கொடுத்திருந்தார். தடித்த புத்தகம். மூன்று வாரம் தலைமாட்டில் வைத்திருந்து ஒரு நாள் ராத்திரி பொறுமை போய், பதினொன்றரை மணிக்குக் குழுவில் தட்டினேன்: “நூறு பக்கம் தாண்ட முடியல. சரியான அறுவை.” போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன்.

காலையில் மாமியின் பதில்: “சரி. நல்லது.”

அவ்வளவுதான். மாமி சாதாரணமாக எழுதினால் முற்றுப்புள்ளியே இருக்காது. ஒரே மூச்சில் நாலு வரி ஓடும். அன்றைக்கு இரண்டு வார்த்தைக்கு இரண்டு புள்ளி. வாட்ஸ்அப்பில் அனுப்பியதைத் திருத்த 15 நிமிஷம்தான் அவகாசம். அந்த 15 நிமிஷமும் நான் குறட்டையில் இருந்தேன். அழிக்க இரண்டு நாளுக்கு மேல் நேரம் தருகிறது, ஆனால் அழித்த இடத்தில் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று தழும்பு நிற்கும். அது இன்னும் மோசம். பிறகுதான் புனே அக்கா சொன்னார், அது மாமியின் அம்மா கடைசியாகப் படித்துக்கொண்டிருந்த புத்தகமாம். எனக்கு எப்படித் தெரியும்?

அதே காலை, அதே வார்த்தையை வண்டியில் தாணேக்காரியிடம் சொன்னேன். “அறுவைன்னா எந்த மாதிரி? கல்யாண ஆல்பம் காட்டற மாதிரியா, இல்ல என் மாமனார் அரசியல் பேசற மாதிரியா?” என்று கேட்டாள். யோசித்தேன். ஆல்பம் மாதிரிதான். இவர் அவருக்கு அத்தான், அவர் இவருக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா என்று முதல் நூறு பக்கம் முழுக்க உறவுமுறை. ஆள்கள் பிடிபடுவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. அதுதான் என் குறை. கதை மோசம் என்று நான் சொல்லவே இல்லை, சொல்ல வந்ததும் அது இல்லை. அவள் திருப்பிக் கேட்ட ஒரு கேள்வியில் ‘அறுவை’ இளகி, ‘ஆரம்பத்தில் ஒரு வம்சாவளிப் படம் போட்டிருக்கலாம்’ என்று ஆனது.

குழுவில் அந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்கவில்லை. இரண்டு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். மூன்றாவது ஆள் ஏதோ மெகா பிளாக் (பராமரிப்புக்காக ஞாயிறு ரயிலை நிறுத்துவது) அறிவிப்பை முன்னனுப்பினார். என் அரைவேக்காட்டுக் கருத்து அப்படியே கல்வெட்டாகிவிட்டது.

வண்டியைப் பற்றிச் சொல்லி ஆக வேண்டும். டோம்பிவிலியில் ஏறினால் கடைசி ஸ்டேஷனான சிஎஸ்எம்டி வர ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், ஃபாஸ்ட் வண்டியாக இருந்தாலும். பெண்கள் பெட்டியில் மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலாவது ஆள் ஒட்டிக்கொள்வது இந்த ஊர்ச் சட்டம். எழுதி வைக்காத சட்டம். தாணேயில் ஏறும் அவளுக்கு நான் அந்த நாலாவது சீட்டைப் பிடித்து வைப்பேன். இந்தப் பக்கம் ஒருத்தி பட்டாணி உரிப்பாள், அந்தப் பக்கம் பஜனை நடக்கும். இதற்கு நடுவே புத்தகம் பற்றிப் பேசும்போது யாருக்கும் புத்திசாலித்தனமாகப் பேச வேண்டும் என்ற ஆசையே வராது. குரல் கேட்டால் போதும் என்றிருக்கும். “அந்தப் பொண்ணு எதுக்கு அவனைக் கட்டிக்கிட்டா?” “தெரியல.” “எழுதினவருக்காவது தெரியுமா?” குர்லா வந்துவிடும். பேச்சு அறுந்துவிடும். மறுநாள் அதே இடத்தில் தொடர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

ஒரு தடவை நாங்கள் ஒரு நாவலின் மருமகளைப் பற்றி ஒரு வாரமாகக் கடித்துக் குதறிக்கொண்டிருந்தோம். எதிர் பெஞ்சில் தினமும் வரும் மராத்திக்கார ஆயி, வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல் “மக் காய் ஜாலா?” என்று கேட்டுவிட்டார். அப்புறம் என்ன ஆச்சு என்று. எங்கள் கட்டடத்து மருமகள் என்று நினைத்திருக்கிறார். கையாட்டலையும் முகத்தையும் வைத்தே பாதிக் கதையைப் பிடித்திருக்கிறார். புத்தகத்தில் வருகிறவள் என்றதும் கொஞ்சம் ஏமாந்தார், ஆனாலும் முடிவைக் கேட்காமல் விடவில்லை. தாணேக்காரி தாதர் வருவதற்குள் மிச்சக் கதையை மராத்தியில் சொல்லி முடித்தாள். அவள் சொன்னது எழுதியவர் சொன்னதைவிட நன்றாக இருந்தது.

ஆக, வண்டிக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சிக்கல், அதில் இருப்பது இரண்டே பேர். மாமி வேறு ரயில் பாதையில், ஹார்பர் லைனில். அதுவும் இப்போது தினமும் எங்கும் போவதில்லை. டீச்சர் பள்ளிக்கு நடந்தே போகிறவர். புனே அக்கா புனேயில். நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பு மற்ற மூவருக்கும் போய்ச் சேராது. போய்ச் சேர்ந்தால் புறம் பேசியதாகத்தான் சேரும்.

குழுவில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஐந்து பேரும் ஐந்து பக்கத்தில் இருப்போம். முடிவைச் சொல்லிவிடக் கூடாது. தாணேக்காரி இதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தாள்: முதலில் ‘முடிவு வருகிறது, படிக்காதவர்கள் ஒதுங்கவும்’ என்று எழுதிவிட்டு, வரிக்கு ஒன்றாகப் புள்ளிகளை வைத்துக்கொண்டே போய், அப்புறம் விஷயத்தை எழுதுவது. செய்தி நீளமானால் வாட்ஸ்அப் மடித்து வைத்துவிடும், தொட்டால்தான் விரியும். நன்றாகத்தான் வேலை செய்தது, டீச்சர் அதற்குப் பதில் போடும்வரை. “ஐயோ, அவ செத்தா போயிட்டா?” என்று ஒரே வரி. அது எல்லோருடைய போன் திரையிலும் மேலே எட்டிப் பார்த்துவிட்டது. டெலிகிராமில் இப்படிப்பட்ட வரிகளை மறைத்து அனுப்ப வசதி இருக்கிறது, ஆனால் அதற்காக மாமியை இன்னொரு செயலி இறக்கச் சொல்லும் தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை.

இதில் நம் அம்மாக்கள் காலம் கொடுத்து வைத்தது. கல்கி 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனை வாரவாரம் எழுதியபோது படித்தவர்கள் எல்லோரும் ஒரே அத்தியாயத்தில் நின்றார்கள். யாரும் யாருக்கும் முடிவைக் கெடுக்க முடியாது, முடிவு இன்னும் எழுதப்படவே இல்லையே. போதாக்குறைக்கு ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கதை முடிந்த பிறகும் அவர் திட்டவட்டமாகச் சொல்லவில்லை. அதை இன்றைக்கும் குழுவில் தைரியமாகப் பேசலாம். கெடுப்பதற்கு ஒன்றும் கிடையாது.

நட்சத்திரக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். புத்தகங்களுக்கு மதிப்பெண் போடும் குட்ரீட்ஸ் தளம் 2007-ல் தொடங்கியது, 2013-ல் அமேசான் கைக்குப் போனது. அங்கே ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம். இரண்டு நட்சத்திரத்துக்கு அந்தத் தளம் தரும் பொருள் ‘பரவாயில்லை’ என்பது. மாமி அதை ஐந்துக்கு இரண்டு மார்க் என்று படிக்கிறார், அதாவது நாற்பது சதவீதம், அதாவது தட்டித் தடவிப் பாஸ். அவருக்கு விளக்கிச் சொல்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. முன்பின் தெரியாதவர்களுக்கு, எதை வாங்கலாம் என்று முடிவு செய்ய அது உதவும். எனக்கு மாமியைத் தெரியும். அவர் நாலு போட்டாரா மூணு போட்டாரா என்பதில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அது போகட்டும்.

வாய்ஸ் மெசேஜை நான் முதலில் மதிக்கவில்லை. புனே அக்கா சமைத்துக்கொண்டே ஏழு நிமிஷம் பேசி அனுப்புவார். குக்கர் விசில்தான் பத்தி பிரிப்பு. மூன்றாவது விசிலுக்குப் பிறகுதான் எந்தப் புத்தகம் என்றே தெரியவரும். மாமி அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்பார். “ரெண்டாம் காலத்துல போட்டுக் கேட்டுட்டேன்” என்று பதில் வரும். பிறகு தேடினால் கிடைக்காது. மூன்று மாதம் கழித்து ‘அந்த மீன்காரி கதை வந்த தொகுப்பு என்ன?’ என்று வேண்டுமானால், நாற்பது நீலக் கோடுகளில் எது என்று எங்கே போய்த் தேடுவது?

ஆனால் தாணேக்காரிக்கு அதுதான் உயிர். குழுவில் நாங்கள் தமிழில் எழுதித் தள்ளும்போது அவள் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். எங்களுக்காக இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டுவாள், அது மாமிக்குப் புரியாது. குரலில் வந்தால் அவள்தான் எங்களில் கெட்டிக்காரி. ஒரு சிறுகதையைப் பற்றி அவள் ஒன்றரை நிமிஷம் பேசி அனுப்பியது இன்னும் என் போனில் இருக்கிறது. அதில் பாதி நேரம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. “அந்தக் கடைசில அவர் கதவைத் தட்டாம திரும்பிப் போறார் இல்ல…” என்று நிறுத்திவிட்டு, பெருமூச்சு, பின்னால் மின்விசிறிச் சத்தம், அப்புறம் “சரி, நாளைக்குப் பேசலாம்.” இதை எழுத்தில் எப்படிக் கொண்டுவருவது?

மாமியிடமும் சோதித்துப் பார்த்தேன். அடுத்து அவர் கொடுத்த கட்டுரைத் தொகுப்பும் எனக்கு ஓடவில்லை. இந்தத் தடவை குழுவில் எழுதாமல் அவருக்கு மட்டும் குரலில் சொன்னேன்: “மாமி, தப்பா நினைக்காதீங்க, எனக்கு இது தொண்டையில நிக்குது.” சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரை மணியில் பதில்: “எனக்கு அப்பவே தெரியும்டி, உனக்கு இது ஒத்துக்காதுன்னு. எந்தக் கட்டுரைல நின்ன, அதைச் சொல்லு.” இரண்டாவது கேள்வி வந்துவிட்டது பாருங்கள். அந்த ஞாயிறே வேறு புத்தகம் கைக்கு வந்தது.

ஞாயிறு என்றதும் மாட்டுங்கா. இடம் ஏன் அது என்றால், கிட்டத்தட்ட எல்லோருக்கும் நடு. சென்ட்ரல் லைனுக்கு மாட்டுங்கா ஸ்டேஷன், ஹார்பருக்குக் கிங்ஸ் சர்க்கிள். மாட்டுங்கா ஸ்டேஷன் 2017 ஜூலையிலிருந்து முழுக்கப் பெண்களே நடத்துவது. அதன் நடைமேம்பாலத்தில் சேர்ந்துகொண்டு ஊர்வலமாக இறங்குவது எங்களுக்கு ஒரு சின்னப் பெருமை. புனே அக்கா வரும் மாதங்களில் காலை டெக்கான் குயினில் வந்து தாதரில் மாறுவார். 1930-லிருந்து ஓடும் வண்டி. சாப்பாட்டுப் பெட்டி உண்டு என்பதால் ஆம்லெட் சாப்பிட்டுவிட்டு, எங்களுடன் இட்லியும் சாப்பிடுவார்.

முதல் மூன்று கூடல் தேன். நாலாவதில் யாரோ ‘எல்லோரும் ஒரே புத்தகம் படித்துவிட்டு வரலாமே’ என்றோம். அது யாரோ இல்லை, நான்தான். அதிலிருந்து பிடித்தது சனி. தாணேக்காரி பத்துக் கேள்வி தயாரித்துக்கொண்டு வந்தாள். புனே அக்கா பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வந்தார். நான் ‘கட்டமைப்பு’, ‘கதைசொல்லியின் நம்பகத்தன்மை’ என்றெல்லாம் பேசினேன். வீட்டில் யாரிடமும் பேசாத வார்த்தைகள். டீச்சர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “ஏட்டி, இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த மாதிரில்லா இருக்கு. எனக்குப் பேச்சே வரமாட்டேங்கு” என்றார்.

அவர்தான் அன்றைக்கு வட்டத்தொட்டியைச் சொன்னார். 1920-களில் திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. வீட்டு முற்றத்தில் வட்டமான தொட்டிக்கட்டுக்குள் நண்பர்கள் கூடிக் கம்பனைப் படித்துச் சிரித்து, ரசித்து, வாய்விட்டுப் பேசிய அந்தக் கூடல். “அங்கன யாரு கேள்வித்தாள் கொண்டாந்தா?” என்றார் டீச்சர். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் டி.கே.சி. மாதிரி ஒருவர் நடுவில் இருந்தால் கூட்டம் தானாகச் சூடு பிடிக்கும். எங்கள் ஐந்து பேரில் அப்படி யாரும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாமி இருக்கலாம். அவர் வாய் திறந்தால் பேச்சு மருமகள் பக்கம் போய்விடும்.

வேடிக்கை என்னவென்றால், டிபன் கடையில் வரிசையில் நிற்கும்போதும், கோயில் தெருவில் பூ வாங்கும்போதும், கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகத்தைப் புரட்டும்போதும் எல்லோரும் நன்றாகப் பேசினோம். மேஜையில் உட்கார்ந்து ‘சரி, ஆரம்பிக்கலாமா’ என்றதும் வாய் கட்டிவிடும். மழைக்காலத்தில் கூடல் தானாக நின்றது. ஞாயிறு மெகா பிளாக் இருந்தால் டோம்பிவிலியிலிருந்து கிளம்பவே மனசு வராது. மூன்று மாதம் கூடவில்லை. யாரும் குறைப்பட்டுக்கொள்ளவும் இல்லை.

கடைசி வழி சீட்டு. இது டீச்சரின் யோசனை. பள்ளி நூலகத்தில் திருப்பித் தரும் தேதி போட ஒட்டுவார்களே, அந்தத் தாளிலிருந்து வந்தது. புத்தகத்தின் பின்னட்டைக்குள் மடித்த ஒரு தாள், மேலே ஜெம் கிளிப். படித்து முடித்தவர் மட்டும் திறக்கலாம். நாலு வரிக்கு மேல் எழுதக் கூடாது. பென்சில்தான். முடிக்க முடியாதவர் தாளைத் திறக்காமல், வெளிப்பக்கத்தில் எந்தப் பக்கத்தில் நின்றோம் என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

இந்தக் கடைசி விதியில்தான் டீச்சர் மூளை தெரிகிறது. ‘அறுவை’ என்றால் புத்தகத்தின் மேல் பழி. ‘104’ என்றால் வெறும் எண். யாருக்கும் வலிக்காது. நாலு பேர் நாலு இடத்தில் நின்றால் புத்தகம் எங்கே தொய்கிறது என்பதும் தெரிந்துவிடும். ஒரு மொழிபெயர்ப்பு நாவலில் மூன்று பேர் 60-க்கும் 70-க்கும் நடுவே நின்றிருந்தோம். எடுத்துப் பார்த்தால், அங்கே பதினொரு பக்கத்துக்கு ஒரு சமையல் விருந்து, பாதிப் பண்டத்தின் பெயர் புரியவில்லை.

உள்ளே எழுதுவதும் வேறு மாதிரி வருகிறது. யாருக்கு எப்போது கிடைக்கும் என்று தெரியாது, உடனே பதில் வராது, அதனால் அலட்டல் இல்லை. நினைவிலிருந்து சில: “கதாநாயகி 300 பக்கத்தில் ஒரு தடவைகூடச் சாப்பிடவில்லை. எப்படித் தெம்பாகச் சண்டை போடுகிறாள்?” இது மாமி. “112-ம் பக்கத்து மழைக்காக மட்டும் படிக்கலாம்.” இது புனே அக்கா. “என் வகுப்பில் இப்படி ஒரு பையன் இருக்கான்.” டீச்சர், அதற்குமேல் ஒரு எழுத்து எழுதவில்லை. ஒரு சின்ன நாவலின் சீட்டில், கோணல் மாணலாக, ற-வுக்கு ர போட்டு, தாணேக்காரி எழுதியிருந்தாள்: “40 நாள் ஆச்சு. யாரும் படிச்சுச் சொல்லல. நானே படிச்சேன்.” புத்தகம் எப்படி இருந்தது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. மாமி அந்தச் சீட்டை மட்டும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்.

குறை இல்லாமல் இல்லை. ஒரு புத்தகம் ஐந்து பேரைச் சுற்றி வர அரை வருஷம் ஆகிறது. முதலில் படித்தவருக்கு அதற்குள் கதையே மறந்துவிடும். கைமாற்றுவதற்கு ஆஸ்திக சமாஜம் கோயில் பக்கம் ஒரு பூக்கார அம்மாவிடம் கொடுத்து வைப்போம். பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்து தருவார். எங்கள் புத்தகங்களில் பாதி மல்லிகை வாசனை, மீதி தண்ணீர்க் கறை. புனேக்கு அக்கா வந்தால்தான் போகும். அவசரமாக ஒன்றைப் படித்துவிட்டு, உடனே யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்ற நிலையில் சீட்டு ஒன்றுக்கும் உதவாது.

மாமிக்குப் போன வாரம் என் முடிவைச் சொன்னேன். ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் சீட்டு. இரண்டு வைக்கலாம் என்றால் கூடவே வாய்ஸ் மெசேஜ், ஆனால் ஒருவருக்கு மட்டும், இரண்டு நிமிஷத்துக்குள், புத்தகத்தின் பெயரை முதலில் சொல்லிவிட்டு. குழு இருக்கட்டும், எந்தப் புத்தகம் இப்போது யாரிடம் இருக்கிறது, பூக்கார அம்மாவிடம் கொடுத்தாயிற்றா என்பதற்கு மட்டும். கருத்து அங்கே கூடாது, என்னைப் போல ராத்திரி பதினொன்றரைக்குத் தட்டுகிறவர்களுக்காகவாவது. மாட்டுங்காவுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போவோம், சாப்பிட. கேள்வித்தாள் கொண்டுவருகிறவர் பில் கட்ட வேண்டும். நட்சத்திரக் கணக்கை மூடியாயிற்று. வண்டிப் பேச்சை யாரும் வைக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம்; அது எங்களைக் கேட்டுக்கொண்டா நடக்கிறது?

“சரி, உன் கொட்டேஷன் எல்லாம் இருக்கட்டும்” என்றார் மாமி. “என் அம்மா புஸ்தகம் சுத்து முடிஞ்சு வந்துடுத்து. வெளில ஒரே ஒரு நம்பர்தான் இருக்கு. 104. யாரோட கையெழுத்துன்னு எனக்குத் தெரியாதா என்ன?”

மற்ற மூன்று பேரும் முடித்திருக்கிறார்கள். முன்பக்கத்துக்குள் டீச்சர் சிவப்பு மையில் ஒரு வம்சாவளிப் படம் வரைந்து ஒட்டியிருக்கிறார். தாணேக்காரி போய்ச் சொல்லியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை பூக்கடையிலிருந்து எடுத்து வந்தேன். சீட்டு மொத்தமாக இருக்கிறது. மாமியும் இந்தத் தடவை உள்ளே எழுதியிருக்கிறாராம், நாலு வரிக்குமேல். கிளிப்பை எடுக்கக் கை துடிக்கிறது, ஆனால் விதி விதிதான். இன்று காலை வண்டியில் 231 வந்திருக்கிறேன். இன்னும் 160 பக்கம்.